பட்லருக்குப் பெண்டாட்டி உண்டா?

…பேசணும் என்றுதானே வேலைக்காரி சொன்னாள், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லவில்லையே, என்று நினைத்தபடி போஸ்டாபீஸம்மா கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். பேசணும் என்றால் என்னத்தைப் பேசுவாள், லீவு வேண்டுமென்றால் நின்ற நிற்பில் கேட்டுவிட்டுப் போகிறவள், ‘நாளைக்கு ஒரு விஷயம் பேசணும்மா’ என்று நாள் குறித்துவிட்டா போவாள்? எதிர்வீட்டு வக்கீல் பெண்டாட்டி போன வாரம் கேட்டருகே அவளை நிறுத்திவைத்துக் குசுகுசுத்தாளே, தன் வீட்டு வேலைக்கு இழுக்கப் பார்க்கிறாளோ என்று அப்போதே பட்டது, கேட்டால் காய்கறி விலை விசாரித்தாளாம், காய்கறிக்காரன் அவள் வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறான், இங்கே வந்து விலை விசாரிக்க வேண்டுமாக்கும்... வேலைக்காரி வருவதற்கு முன்னால் வீட்டைத் துடைத்துவைக்கிற வழக்கம் இந்தத் தெருவிலேயே இவள் ஒருத்திக்குத்தான். அவள் பார்த்து என்ன நினைப்பாளோ என்று ஆரம்பத்தில் எச்சில் தட்டை மட்டும் அலம்பி வைத்தாள், அப்புறம் அடுப்பு மேடை, அப்புறம் குளியலறை வாளி, இன்றைக்கோ விடிந்ததிலிருந்து பெருக்கி, துடைத்து, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, வருகிறவளுக்கென்று ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. மனசு நிலைகொள்ளாவிட்டால் கை என்ன செய்யும், பாவம்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. வேலைக்காரி சார் என்று கூப்பிடுகிற இவள் புருஷனுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து கட்டிலோடு ஆனபிறகு பகலெல்லாம் டிவிதான், அதிலும் இவளுக்கு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டது இந்த பட்லர் படங்கள்... பெரிய பெரிய பங்களா, வெள்ளைக் கையுறை, வெள்ளித் தட்டில் மடித்த செய்தித்தாள், மணியடித்தால் சுவரிலிருந்து முளைத்ததுபோல வந்து நிற்கிற ஆள், முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே, ம்ஹூம். பார்த்துப் பார்த்து ஒரு குட்டி மணிகூட வாங்கிவந்தாள், அதை அடித்து வேலைக்காரியைக் கூப்பிட வெட்கமாயிருந்ததால் சாரின் தலைமாட்டில் வைத்தாள், அவர் அதை இவளைக் கூப்பிடத்தான் அடிக்கிறார். நேற்றைய படத்தில் சீமாட்டியின் நகை காணாமல் போய் இன்ஸ்பெக்டர் வந்து, உங்கள் பட்லருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று கேட்க, அவள் விசிறியை மூடித் திறந்து, அப்படி யாரும் இருப்பதாக அவன் சொன்னதில்லையே என்கிறாள். “இத்தனை வருஷமா வீட்டோட கெடக்கான், இதுகூடவா தெரியாது இவளுக்கு!” என்று இவள்தான் சிரித்தாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். “எங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா, சொல்லுங்க பாப்போம்?” விளையாட்டாகத்தான் கேட்டாள், விளையாட்டாகத்தானா? “அதான்... அவரு...” என்று இவள் மென்று விழுங்கும்போது நல்லவேளை மணியடித்தது, ஓடிப்போய் சாருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் அந்தப் பேசணும்.

போஸ்டாபீஸில் ஊர்ப்பட்ட விலாசத்தையெல்லாம் பிரித்து அடுக்கியே ரிட்டையரானவளுக்கு, தினம் தன் வீட்டுக்குள் நடமாடுகிறவளின் விலாசம் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதோடு நின்றுபோனது. போனிலும் அவள் வெறும் ‘வேலை’தான், பிளம்பருக்கும் பேப்பர்காரருக்கும் கீழே. பிள்ளைகள் இரண்டா மூன்றா... இப்போது கேட்டால், போகப்போகிறாள் என்று தெரிந்து குழைகிறாள் என்று நினைக்கமாட்டாளா? போய்விட்டால் சாரை யார் தூக்குவது? “தோளைப் புடிச்சுக்குங்க சார், ஏலேலோ!” என்று அவள் சொன்னால் மனுஷன் பந்து மாதிரி எழுந்து நாற்காலியில் உட்காருகிறார், இவள் தூக்கினால் இரண்டு பேருமாகக் கட்டிலில் சரிகிறார்கள், அவள் லீவு போட்ட அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை நனைந்த விரிப்பிலேயே கிடந்தாரே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு... மணியடித்தது. “எத்தனை தரம்டி பெருக்குவ, தரை தேஞ்சிடப்போவுது,” என்றார் சார். இவள் துடைப்பத்தோடு அறை வாசலிலேயே நின்றாள். “அவ வீட்டுக்காரர் பேரு உங்களுக்குத் தெரியுமா?” “தெரியுமே.” “என்ன?” அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. “நான் சொன்னா, முன்னாடியே தெரிஞ்ச மாதிரி நடிப்ப. அவளையே கேளு.” அப்படியானால் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், ஷேவ் பண்ணிவிடும்போது சளசளவென்று கேட்குமே, ஏதோ டிவி சத்தம் என்றல்லவா இருந்தாள், வேறு என்னவெல்லாம் பேசியிருப்பார்கள், போகப்போவதை இவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாளோ, இரண்டும் கூட்டுக்களவாணிகளோ...

வாசல் மணி. கதவைத் திறந்ததும் அவள் வழக்கம்போல நேரே அடுப்படிக்குப் போனாள், சிங்க்கைப் பார்த்தாள், கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்தாள், கம்பியில் சொட்டிக்கொண்டிருந்த துடைதுணியைப் பார்த்தாள், கடைசியாக இவளைப் பார்த்தாள். “என்னம்மா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சு வெச்சிருக்கீங்க?” குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “நேத்து நான் அப்படிக் கேட்டது தப்புதாம்மா. வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். அதுக்காக என்னை நிறுத்திடாதீங்கம்மா.” இவளுக்குப் புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது, நிறுத்துவதா, நானா, ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டது யார்... “என்னமோ பேசணும்னியே?” என்று மட்டும் வாயில் வந்தது. “அது ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்,” என்று அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். சீச்சீ, உன்னைப் போய் நிறுத்துவேனா என்று சொல்லிவிட வேண்டியதுதான், வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தாயிற்று, அதற்குள் அந்த முகத்திலிருந்த பயம் இவள் நெஞ்சில் ஜில்லென்று இறங்கியது, காலையிலிருந்து எரிந்த எரிச்சலுக்கு இதமாக... இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று தோன்றியது. உள்ளே மணியடித்தது. யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேருமே திரும்பினார்கள், அவள்தான் முந்திக்கொண்டு ஓடினாள், “இதோ வந்துட்டேன் சார்!” என்ற குரலில் வழக்கமான ஏலேலோ இல்லை. கட்டிலருகே அவள் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிடலாம்தான், ஒற்றை வார்த்தை, நிறுத்தவில்லை என்று... போஸ்டாபீஸம்மா அடுப்படியில் விறைப்பாக நின்றாள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல், அந்த பட்லர் மாதிரி, அவனும் இப்படி நிற்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தானோ?