சிரிப்புக்கு விட்ட இடம்

பழைய படச்சுருள்களைச் சரிசெய்து பாதுகாக்கும் நிறுவனத்தில் அவள் எடிட்டர். கையில் இருந்ததோ, படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்த ஒரு நகைச்சுவைப் படம். நடித்தவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஆளாளுக்கு வந்து பூவிடம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அந்தப் படத்தின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

மேலாளர் நல்ல மனிதர்தான். சிரிப்பை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்.

"ஒவ்வொரு ஜோக்குக்கு அப்புறமும் எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறாங்க. மொத்தம் ஒன்பது நிமிஷம் வீண். திங்கட்கிழமைக்குள்ள வெட்டிடுங்க."

"வீண் இல்ல சார். ஜனங்க சிரிக்கிற சத்தத்துல அடுத்த வசனம் கேக்காம போயிடும்னு நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்காங்க."

"இப்ப யாரு சிரிக்கப்போறா?"

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தால் யார்தான் சிரிப்பார்கள்? கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை மதியம் ஒரே ஒரு காட்சிக்கு அனுமதி வாங்கினாள். அத்தை, சித்தப்பா குடும்பம், நாத்தனாரின் தோழிகள், வாசல் காவலர் என்று கையைக் காலைப் பிடித்து, நிறுவனத்தின் சின்னத் திரையிடும் அறையில் இருந்த நாற்பது நாற்காலிகளையும் நிரப்பினாள். மேலாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு திருடன் அலமாரிக்குள் ஒளிந்திருந்தான்.

"யார் அங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"யாருமில்லை ஐயா."

"அப்படியா? போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போ."

ஒருவரும் சிரிக்கவில்லை. திருடன் அலமாரியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான். வீட்டுக்காரரும் நின்றார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாவம்டி," என்றாள் அத்தை, அறை முழுக்கக் கேட்கும்படி. "நாம சிரிப்போமான்னு பாத்துக்கிட்டே நிக்கிறான்."

சொல்லிவிட்டு அத்தையே சிரித்தாள். அது சித்தப்பாவுக்குத் தொற்றியது, அவரிடமிருந்து காவலருக்கு. அடுத்த ஜோக்குக்கு அறையே குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்கவும் திருடன் வாய் திறக்கவும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. என்றோ போய்ச் சேர்ந்த ஒரு மனிதன் தங்களுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

விளக்கு போட்டதும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்தத் திருடன் கடைசியா என்ன சொன்னான்? எனக்குக் கேக்கவே இல்ல."

"நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அந்த இடத்துல இன்னும் ரெண்டு செகண்ட் நின்னிருக்கலாம்," என்றார்.