அக்காவுக்கு அடுத்த ஆள்

பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் எழுந்து வலப்பக்கம் ஒதுங்கிக் கையை நீட்டுகிறாள், பிட்சர் அந்தக் கைக்கே வீசுகிறாள், ஹெலன் அக்காவின் மட்டைக்கு எட்டாத தூரத்தில், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அம்பயர் ஓடித் தொடவேண்டிய முதல் பேஸைக் காட்டுகிறார், நாலு பந்து தப்பாக வந்தால் அடிக்க நிற்பவள் சும்மா நடந்துபோய் அங்கே நிற்கலாம், பேஸ்பாலில் அது சட்டம், பயந்துபோய் வேண்டுமென்றே தப்பாகப் போட்டாலும் சட்டம்தான், அக்கா மட்டையை வைத்துவிட்டு நடக்கிறாள், இது மூன்றாவது தடவை, அடுத்து நான். அக்காளை நடக்க உட்டாச்சு, தங்கச்சியை வரச்சொல்லுங்கோ, என்று எதிரணியின் கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நான் மூன்று முறையும் காற்றை அடித்து அவுட்டாகிறேன், இன்றைக்கும் துணி உதறும்போது தோள் அப்படியே சுழல்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அது, அக்காவுக்கு வயது வரம்பில் கடைசி வருஷம், காலையில் இட்லிப் பொட்டலம் பிரிக்கையில் எங்கள் கோச் தனராஜ் சார் அடிக்கும் வரிசையைப் படிக்கிறார், அக்காவுக்கு அடுத்து மரியசெல்வி, நான் கடைசி, அக்கா எழுந்து, சார், தங்கச்சி எனக்கு அடுத்து வரட்டும், நான் பேஸ்ல நிக்கும்போது இவ ஒரு அடி அடிச்சாலும் நான் ஓடி ரன் எடுத்துருவேன், இவ செலக்டர் கண்ணுல படுவா, என்கிறாள், ஏ ஹெலன், உனக்குப் பின்னால பலமான ஆள் நின்னாத்தான் உனக்குப் பந்து போடுவாங்க, இவ நின்னா உன்னைத் தொடவே விடமாட்டாங்கம்மா, என்று சார் கெஞ்சினார், அவள் கேட்டால்தானே, ஏட்டி, நீ அடிப்ப, என்று சட்னிக் கையோடு என் கன்னத்தில் தட்டினாள், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், எனக்கும் ஆசை இருந்தது.

நான்காவது தடவை அக்கா அம்பயரிடமே போனாள், இது ஆட்டமா சார், ஒரு பந்தாவது நேராப் போடச் சொல்லுங்க, சட்டப்படி சரிதாம்மா, நட, என்றார் அவர், நடந்தாள், நான் மறுபடியும் காற்றை அடித்தேன், தோற்றோம், அந்தப் பொண்ணு மட்டையை வீசவே இல்லையே, எதைப் பார்த்து எழுதுறது, என்று செலக்டர் தாளை மடித்தார், பஸ்ஸில் திருநெல்வேலி வரும்வரை, உன்னால இல்லட்டி, உன்னால இல்லட்டி, என்றே சொல்லிக்கொண்டு வந்தாள் அக்கா, இரண்டு வருஷம் கழித்து மூளைக்காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் அதையே பிதற்றினாள்.

அக்கா செத்த முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அந்த பிட்சர் வந்தாள், கோகிலவாணி, அவ்வளவு தூரம் பஸ் ஏறி, அவங்க அடிச்சா பந்து மைதானத்துலயே இருக்காதுங்க, அதனாலதானுங்க போடலை, எங்க சார் சைகை காட்டுனாரு, என்கிறாள், அதைப் புகழ்ச்சி என்று நினைக்கிறாள், ஒரே ஒரு பந்து போட்டிருக்கலாமே, அடித்தால் அடித்துவிட்டுப் போகிறாள், தோற்றால் தோற்றுத் தொலையுங்களேன், என்று கத்துகிறேன், அம்மா ஓடி வருகிறாள், கோகிலவாணி அழுதுகொண்டே, அடுத்து நீங்க வர்றீங்கன்னுதானுங்க, என்று நிறுத்தினாள், முடிங்க, என்றேன், வேண்டாமுங்க, என்றாள், முடிச்சுட்டுப் போங்க, என்றேன், நீங்க அடிக்கமாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க, என்றாள். அம்மா கொண்டுவந்த தண்ணீரை நானே வாங்கி அவளுக்குக் கொடுத்தேன், அவள் சேலையில் பாதி சிந்தியது, உண்மையைச் சொன்னதற்காக அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேனே தவிர மன்னிக்கவில்லை, யாரையுமே மன்னிக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததைத் தெரியாததுபோல் என்னை உனக்கு அடுத்து நிறுத்திய உன்னையும்தான், அக்கா.