வண்ணக்கர் எல்லை தாண்டிய மத்தியானம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த மாதிரி, அவசர அழைப்பு நிலையம் ஒன்று மங்கள விளக்கேற்றி, நாடா வெட்டி, திறந்துவைக்கப்பட்டது. இனி வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலோ மேற்கே படுவான்கரையிலோ எவரும் அவசரப்பட்டுச் சாக வேண்டியதில்லை.

நிலையம் என்பது இரண்டு கதிரை, இரண்டு தொலைபேசி, ஒரு மின்விசிறி. ஒரு கதிரையில் பிரஷாந்தி, மற்றதில் காத்தான்குடி ஹிதாயா. திறப்பு விழாவில் எல்லோரையும்விட நீளமாகப் பேசியவர் வண்ணக்கர் கனகசிங்கம். வண்ணக்கர் என்றால் அம்மன் கோயிலை நிர்வகிப்பவர். அவரைக் கேட்டால், அம்மாளுக்கு அடுத்தபடி. "நோய் வந்தால் நொடியும் தாமதியாது இந்த அம்புலன்ஸ் வண்டியில் ஏறுங்கள்! ஏற மறுப்பவன் மூடன்!" என்று முழங்கிவிட்டு, சனம் கைதட்டும்வரை காத்து நின்றார். அன்றைக்கு அவசர உதவி தேவைப்பட்டதே அவரிடமிருந்து மைக்கை மீட்கத்தான்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம் பிரஷாந்தியின் போன் அடித்தது.

"புள்ள, இவருக்கு நெஞ்சு நோகுதாம். வேர்த்து ஊத்துது. இடக்கையத் தூக்க ஏலாதாம்."

குரல் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணுடையது. பெயர் புஸ்பம். ஊர், தேற்றாத்தீவுக்கு அங்கால். வீடு, அம்மன் கோயிலுக்குப் பின்வளவு. பிரஷாந்தி சொல்லச் சொல்ல, ஹிதாயா மற்றப் போனில் களுவாஞ்சிக்குடியில் நின்ற வண்டிக்கார றிஸ்வியை விரட்டினாள்.

"வண்டி வருதம்மா. அவர நடக்க விடாதீங்க, சாச்சு இருத்துங்க. அவர்ட பேர் என்ன?"

"மூத்தவன்ட அப்பா."

"அது முறையம்மா. பேர்?"

"கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் சொல்லாத பேர், புள்ள. போன்ல சொல்லச் சொல்றீங்களா?"

சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்னால் முனகலோடு ஒரு குரல், "என்னக் கேக்காம ஆருக்குப் போனெடுத்தாய்?" என்றது. மைக் பிடித்த அதே குரல். பிரஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த முனகலில் அது போய்விட்டது.

வண்டி போய்ச் சேர்ந்தால் போனை வைத்துவிட வேண்டும். இந்த வேலையில் உள்ள பாவம் அதுதான். எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. ஆனால் றிஸ்வி போய்ச் சேர்ந்த பிறகும் புஸ்பம் போனை வைக்கவில்லை.

"ஏற மாட்டாராம், புள்ள. கையில திருவிழாக் காப்புக் கட்டியிருக்கார். முடியுமட்டும் ஊரெல்லை தாண்ட ஒண்ணாதாம்."

ஆஸ்பத்திரியோ எல்லைக்கு அப்பால். றிஸ்வி போனை வாங்கினான். "மிஸ், ஆள் கட்டில் காலப் புடிச்சிட்டு இரிக்கார். வேணாமெண்டவர நாம தூக்கி ஏத்த ஏலாது. உடம்பு ஐஸாக் கிடக்கு. இன்னும் சுணங்கினா…"

"அம்மா, பூசாரியார் போகச் சொன்னாக் கேப்பாரா?"

"கப்புகனார் வாயத் துணியால கட்டிட்டுப் பூசைக்குள்ள நிக்கிறார். அவிழ்க்காமக் கதைக்க மாட்டார்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. ஐயா, ஏற மறுக்கிறவன் மூடன் எண்டு நீங்கதானே மேடையில சொன்னீங்க?"

"அது சனத்துக்குச் சொன்னது!" என்றார் வண்ணக்கர், மூச்சு வாங்க.

பிரஷாந்தி குறிப்புக் கொப்பியைப் புரட்டினாள். பயிற்சியில் தீக்காயத்துக்கு வழி சொல்லித் தந்திருந்தார்கள். பாம்புக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். பக்திக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"ஆர் சொன்னாத்தானம்மா கேப்பார்?"

"ஆர்ட சொல்லையும் கேட்டதில்ல, புள்ள. அம்மாள் ஒராள்ட சொல்லத்தான்…"

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூவல். ஹிதாயா தன் கதிரையோடு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"டேய் கனகசிங்கம்!"

கட்டில் கால்கூட நடுங்கியிருக்கும்.

"என்ட புள்ளைய நானடா அனுப்புறன்! எல்லையும் என்ட எல்லை, ஆஸ்பத்திரியும் என்ட ஆஸ்பத்திரி! ஏறடா வண்டில!"

"தாயே…" என்றது ஒரு சின்னக் குரல். பிறகு சில்லுகள் உருளும் சத்தம். கதவு அடிபடும் சத்தம்.

"என்னகா அது?" என்றாள் ஹிதாயா.

"அம்மாள் வந்திட்டா."

"ஆர் வந்தாலும் சரி. ஏறிட்டார்தானே?"

சைரன் போனுக்குள்ளேயே கேட்டது. அதற்கு அடியில் புஸ்பம் மெல்லக் கதைத்தாள்.

"இரிக்கீங்களா, புள்ள?"

"இரிக்கன், அம்மா."

"வாயில மாஸ்க் போட்டுக் கண்ண மூடிக் கிடக்கார். அவருக்குக் கேக்காது. நான் அம்மாளக் கூப்பிட்டன், புள்ள. நெஞ்சாரக் கூப்பிட்டன். வரல்ல. பூசைல நிண்டிருப்பா. அதால நானே வந்தன். குத்தமா?"

பிரஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதெல்லாம் மறுகா பாப்பம், அம்மா. இப்ப அவர்ட கையப் புடிச்சிட்டு, கதைச்சிட்டே வாங்க. விடாதீங்க."

"என்னத்தக் கதைக்க? இவ்வளவு காலமும் இவர்தானே கதைச்சார்."

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது; கையைப் பிடித்துவிட்டாள்.

"கனகசிங்கம்," என்றாள் புஸ்பம், புதுச் சீலை கட்டிப் பார்ப்பவள் மாதிரி. "கனகசிங்கம். இஞ்ச பாருங்க. நான்தான்." ஆஸ்பத்திரிப் படலை வாசல் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனாள். பிரஷாந்தி கேட்டுக்கொண்டேயிருந்தாள். அடுத்து வந்த அழைப்பை ஹிதாயா எடுத்தாள்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்தார். வீடு திரும்பியதும் கோயில் ஒலிபெருக்கியில், அம்மாள் தன்னைப் பேர் சொல்லி அழைத்ததையும், அப்படியான பாக்கியம் வேறு எவருக்கும் கிடைக்காததன் காரணங்களையும் விளக்கினார். புஸ்பம் பெண்கள் பக்கத்தில் கைகூப்பி இருந்து கேட்டாள்.

அதற்குப் பிறகு மனைவி வாய் திறந்தால் வண்ணக்கர் எழும்பி நிற்கிறாராம். எந்த நேரத்தில் அவளுக்குள்ளே இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்? உப்பைக் குறை என்றால் குறைக்கிறாராம், குளிசையைப் போடு என்றால் போடுகிறாராம். அவசர இலக்கத்துக்கே எடுத்து இதைச் சொன்ன புஸ்பம், "இப்ப ஆள் நல்ல புள்ள," என்று சிரித்தாள்.

அந்தப் பணிவு ஒரு கிழமைதான் நீடித்தது; எட்டாம் நாள் உப்புக் கேட்டு மறுபடி முழங்கினார்.