இன்னொரு தடவை

என் வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார் என்று பிள்ளையார்பாளையமே சொன்னது. நான் நம்பவில்லை.

ஊருக்கு என்ன தெரியும்? ஊரா அவரோடு குடித்தனம் செய்தது? தலைவலிக்குச் சுக்கு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய்க் கள்ளுக்கடை வாசலில் சுருண்டு கிடந்த மனுஷன் அவர். கேட்டால், "நான் குடிக்கல குழலி, எவனோ மேல கொட்டிட்டான்" என்பார். சொந்தத் தகப்பனார் திவசத்தன்று இலை போட்டு எல்லோரும் காத்திருக்க, ஆளைக் காணோம். அப்போதும் எவனோ மேலே கொட்டிவிட்டான்தான்.

போன பங்குனி உத்திரத்தன்று, ஏகாம்பரநாதருக்குத் திருக்கல்யாணம் நடக்கிற நேரத்தில், சன்னதித் தெருவில் ரத்தமாக வாந்தி எடுத்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே ஒரு மடக்கு உள்ள போச்சுன்னா ஆளு தங்காதும்மா" என்றார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் இவர் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் அவர் வலது கையால் அணைக்கிறாரா இடது கையால் அணைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாலியைத் தொட்டுச் செய்த சத்தியமும் குழந்தை தலையில் அடித்துச் செய்த சத்தியமும் எந்தக் கதிக்குப் போயின என்று எனக்குத் தெரியாதா?

அதனால் என் வேலையை நான் நிறுத்தவில்லை. அவர் வெளியே போய்விட்டு வந்தால் நிலைப்படியில் கையைக் குறுக்கே வைத்து நிற்பேன். "ஊதுங்க" என்பேன். உமாபதி என்கிற அந்த ஆறடி மனுஷன் குனிந்து என் முகத்தில் ஊதுவார். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பேன். "இன்னொரு தடவை" என்பேன். மறுபடியும் ஊதுவார். ஏழு வயசு காந்தா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கையை எடுத்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தால், வாடையை மறைக்கப் போட்டிருக்கிறார் என்று நினைப்பேன். போடாமல் வந்தால், போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்பதால் போடவில்லை என்று நினைப்பேன். பாடினால் சந்தேகம். பேசாமல் இருந்தால் அதைவிடச் சந்தேகம். துண்டை உதறிப் பார்ப்பேன், அவர் காலை விட்டுக்கொண்டு பட்டு நெய்கிற தறிக்குழிக்குள் கையை விட்டுத் துழாவுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என்னைச் சும்மா சொல்லக்கூடாது. ஒன்பது வருஷம் அந்த வீட்டை நான்தான் தாங்கினேன். எங்கள் தெருவில் பெண்கள் தறிக்குழியில் இறங்கி நெய்கிற வழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஊடுநூல் சுற்றிய நாடாக்கட்டையைச் சேலைக் கரைக்கு எறிவதோடு சரி. இவர் பாயில் சுருண்டு கிடக்கிற நாளில் தெருக்கதவைச் சாத்திவிட்டு நான் குழியில் இறங்கி நெய்வேன். பட்டு கொடுத்து நெய்யச் சொல்லுகிற நமச்சிவாய முதலியார் ஆள் அனுப்பினால், "காய்ச்சலா இருக்காருங்க" என்று வாய் கூசாமல் சொல்வேன். கிணற்றடியில் என்னைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, "குழலி மட்டும் இல்லேன்னா அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்" என்பார்கள். ஏலவார்குழலி என்று அம்மன் பேரை எனக்கு வைத்தது வீண் போகவில்லை என்று மனசு குளிர்ந்துபோவேன்.

அவர் குடியை விட்டு மறுபடி குழியில் இறங்கியதிலிருந்து கிணற்றடியில் ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம், "உமாபதி எப்படித் தேறிட்டாரு பாத்தியா" என்றுதான் பேச்சு. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆடியில் ஒரு கல்யாணச் சேலை தறியில் இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அவர் உடலுக்கு எறிய, நான் கரைக்கு எறிய, இரண்டு நிறமும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதைக் கோர்வை என்போம். ஒருவர் கவனம் பிசகினாலும் அந்த இடத்தில் பொத்தல் விழும். முதலியார் வந்து, தறியில் இருந்தபடியே துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"உடலு கண்ணாடியாட்டம் இருக்குது. கோர்வைதான் பொத்தலு. கரைப்பக்கம் இழை தளர்ந்து கிடக்குது. உன் கை எங்கேம்மா போச்சு?" என்றார்.

"அவரு மிதிக்கட்டை மிதிக்கிறது சரியில்லீங்க" என்று பட்டென்று சொன்னேன்.

முதலியார் அவரைப் பார்த்தார். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி பண்ணிடறேங்க" என்றார். உண்மையில் என் கண் கரையிலேயே இல்லை. அவர் உதட்டிலும், கையிலும், மூச்சு வாங்குகிறதா என்று நெஞ்சிலும்தான் இருந்தது. அது தெரிந்தும் பழியை அவர் தலையில் போட்டேன். பழகிப்போன தலைதானே.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் வீட்டில் பாவு போட்டார்கள். விடிகாலையில் தெரு நெடுக இழையை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுகிற வேலை. ஆள் போதவில்லை என்று இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்தார். நிலைப்படியில் கையை வைத்தேன். அவர் ஊதுவதற்கு முன்பே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. புளித்த வாடை. வேட்டியில், கையில், கழுத்தில், எங்கே மோந்தாலும் புளித்த வாடை.

அவ்வளவுதான். தெருவில் இறங்கிக் கத்தினேன். "பாருங்க, வந்து பாருங்க. சத்தியமாம் சத்தியம். காலங்காத்தால கள்ளு ஊத்திக்கினு வந்திருக்குது." ஒன்பது வருஷமாகத் தெருக்கதவைச் சாத்தி மறைத்தவள், அன்றைக்குக் கதவை விரியத் திறந்து வைத்துக் கத்தினேன்.

கிருஷ்ணம்மாள் பாவை விட்டுவிட்டு வந்தாள். என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"இந்தா, மோந்து பாரு. நானுந்தான் குடிச்சிட்டு வந்திருக்கேனா? நேத்து வடிச்ச கஞ்சிடி அது, புளிச்சுப் போச்சு. நெய்யறவன் பொண்டாட்டிக்குக் கஞ்சி வாடை தெரியலன்னா வெளிய சொல்லாதே, சிரிப்பாங்க" என்றாள்.

நான் சொல்லாமலே தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் கஞ்சியில் கை வைத்து வளர்ந்தவள் நான். என் மூக்குக்கு அது கள்ளாகத்தான் தெரிந்தது. அவர் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வெட்கமும் உலை கொதிக்கிற வரைக்கும்தான் இருந்தது. அரிசியைக் களையும்போது வேறொன்று தோன்றியது. பாவு போடக் கூப்பிட்டதும் எதற்காக உடனே ஓடினார்? கள் வாடையை மறைக்கக் கஞ்சியைவிட நல்லது வேறு என்ன இருக்கிறது? கெட்டிக்காரர். கிருஷ்ணம்மாளை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியுமா?

அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். அடியில் ஒரு சாராயச் சீசா இருந்தது. நான் வைத்ததுதான். குடித்த நாட்களில் காலையில் அவர் கை நடுங்கும், நாடாவைப் பிடிக்க முடியாது. அப்போது காந்தாவுக்குப் பால் புகட்டிய பாலாடையில் கொஞ்சம் ஊற்றி நானே கொடுப்பேன். நடுக்கம் நின்றதும் குழியில் இறங்குவார். வேலை நடக்க வேண்டுமே. சத்தியம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே அதை ஏன் கொட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவர் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போயிருந்தபோது, அந்தச் சீசாவைத் தறிக்குழிக்குள், அவர் வலது கால் படுகிற இடத்தில் வைத்தேன். வைத்தியர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு மடக்கு என்றுதான் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் வைத்தேன்.

அவர் வந்தார். நிலைப்படியில் ஊதச் சொல்லவில்லை. அதற்கே ஒரு மாதிரி பார்த்தார். குழியில் காலை விட்டதும் சீசா மிதிக்கட்டையில் இடித்தது. குனிந்து எடுத்தார். நான் கரைப்பக்கம் நாடாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இது இன்னா, குழலி?"

"என்னைக் கேட்டா? உங்க குழியில கிடக்குது, நீங்கதான் சொல்லணும்."

அவர் சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். விரலால் அதன் மேலே தடவினார். "தவிடு ஒட்டிக்கினு இருக்குது. குழிக்குள்ள ஏது தவிடு?" என்றார்.

நான் நாடாவைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் திருப்பித் திட்டத் தெரியும். அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கட்டைவிரல் தானாகத் தக்கையைத் தேடிப் போயிற்று. அப்போதும் என் வாயிலிருந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. திறக்கட்டும், குடிக்கட்டும், கிருஷ்ணம்மாள் வந்து பார்க்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அவர் சீசாவை என் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்கினு போயிடும்மா. என்னால ரொம்ப நேரம் கையில வச்சிக்கினு இருக்க முடியாது."

வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? பயம் வரவில்லை, வெட்கம் வரவில்லை, பிழைத்தார் என்ற நிம்மதியும் வரவில்லை. ஏமாற்றம் வந்தது. சந்தையில் நல்ல பொருளை விட்டுவிட்டு வந்த மாதிரி ஏமாற்றம். நான் சொன்னது சரி என்று ஆவதற்கு இந்த ஆள் சாகவும் வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறேன்! அவர் குடிகாரர். நான் யார்?

"நான் குடிச்சா இன்னா பண்ணணும்னு உனக்குத் தெரியுது, குழலி" என்றார் அவர், குழிக்குள் நின்றபடியே. "குடிக்காட்டி இன்னா பண்றதுன்னு தெரியல. எனக்கும்தான் தெரியல. தினம் எழுந்திருக்கறப்போ பயமா இருக்குது. வாசல்ல நீ நிக்கறப்போ, குடிச்சே தொலைச்சிருக்கலாம்னு இருக்குது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க என்னைப் பேசச் சொன்னே? ஊதத்தானே சொன்னே."

நான் எழுந்து புழக்கடைக்குப் போனேன். தக்கை இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் சாராயம் என் வாயிலும் மோவாயிலும் தெறித்து முந்தானையை நனைத்தது. காறித் துப்பிவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் சீசாவை உதறினேன். அழுகை வந்தது, அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், காந்தா புழக்கடைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். என் கையில் காலிச் சீசா. அவள் மூக்கு ஒரு தரம் சுருங்கி விரிந்தது. மெதுவாகக் கையைத் தூக்கி நிலையில் குறுக்கே வைத்தாள்.

"ஊதும்மா" என்றாள்.

"நான் குடிக்கலடி கண்ணு. மேல கொட்டிக்கிச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதில் விழுந்தது. காந்தா கையை எடுக்கவில்லை. உள்ளே தறி ஓடவில்லை. கரைப்பக்கம் ஆள் இல்லாமல் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்தேன். அவள் முகத்துக்கு நேராக ஊதினேன். அவள் என்னை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.