பதினாறு நாள் தீட்டு

அரிதாரத்தைக் கல்லில் கொட்டி, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் வேம்புவுக்குச் செய்தி வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் காலையில் தங்கதுரை இறந்துவிட்டான். உடம்பைக் கம்மாபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சாயங்காலம் எடுக்கிறார்கள். பீங்கான் பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் இதைக் கூத்து வாத்தியார் ஆதிநாராயணனிடம்தான் சொன்னான். "நம்ம வேம்பு கூட ஒரே ரூம்ல இருந்தாரே, காமாலன்னு படுத்தாரே, அவருதான்." பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வேம்புவின் கை நிற்கவில்லை. மஞ்சள் குழம்பு கல்லின் ஓரம் தாண்டி வழிந்து அவன் வேட்டியில் சொட்டியது.

விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் பதினோரு வருஷம் அந்த ரூம். தங்கதுரைக்குச் சூளையில் நெருப்பு பார்க்கிற வேலை. சூளைக்குள் இருக்கும் சூட்டைக் கண்ணால் அளக்க முடியாது. அதனால் சாமான்களுக்கு நடுவே சின்ன மண் கூம்புகளை நிறுத்தி வைப்பார்கள். உரிய சூடு ஏறியதும் கூம்பு தலை சாயும். துவாரம் வழியாக அதைப் பார்த்து, விறகை நிறுத்தச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சாமான் கோணிப்போகும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவுவது வேம்புவின் வேலை. இடுப்பு வரை தலைமுடி எதற்கு என்று கேட்டால் "கூத்துக்கு" என்பான். முகத்தில் மஞ்சள் எதற்கு என்றாலும் அதே பதில்தான். கேட்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கதுரை கம்மாபுரத்துக்குப் போய் மனைவி சிந்தாமணியைப் பார்த்துவிட்டு வருவான். அவள் கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பு எப்போதும் இரண்டு பேருக்குக் காணும்.

வேம்புவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்பு இருந்தது. அவன் இப்போது கூத்துக்கு வந்திருந்த, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரில் திரௌபதியம்மன் திருவிழா. பதினாறு வருஷமாக அவன்தான் பாஞ்சாலி. காப்புக் கட்டியவன் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, சாவு வீட்டை மிதிக்கக் கூடாது. ஆனால் தீட்டுள்ளவன் சாமி வேஷம் கட்டவும் கூடாது. இரண்டும் மோதினால் என்ன செய்வது என்பதற்கும் அந்த ஊரில் கணக்கு இருந்தது. செத்தது பெண் கொடுத்து எடுத்தவர் என்றால் மூன்று நாள் தீட்டு. சிநேகிதன் என்றால் தலைக்கு ஊற்றிக்கொண்டால் போதும், வேஷம் கட்டலாம். பங்காளி என்றாலோ புருஷன் பெண்டாட்டி என்றாலோ பதினாறு நாள். அப்போது காப்பை அறுத்து இன்னொருவனுக்குக் கட்டிவிடுவார்கள். அறுப்பதற்கு முன்னால், கட்டியிருப்பவன் அம்மன் முன் கையை நீட்டி, செத்தவர் பேரையும் முறையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பூசாரி கத்தியைத் தொட மாட்டார்.

வேம்பு எழுந்து கோயிலுக்குப் போனான். தர்மகர்த்தா விருத்தகிரி பந்தலில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"தீட்டாயிடுச்சுங்க. காப்ப அறுத்துடுங்க."

"அடடா. யாருப்பா?"

"தங்கதுரைங்க. கம்மாபுரம்."

"உனக்கு அவரு என்னா மொற?"

பந்தல் காலில் சாய்ந்திருந்தவன் முந்திக்கொண்டான். "ரூம்ல கூட இருந்தவருங்க. அதுக்கெல்லாம் தீட்டுன்னா, பஸ்ஸுல பக்கத்துல குந்துனவனுக்கும் தலை முழுவணும்."

"டிக்கெட்டு கிழிச்ச கண்டக்டருக்கு மூணு நாளு!" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். விருத்தகிரியும் மீசைக்குள் சிரித்தார்.

பின்னாலேயே ஓடிவந்த வாத்தியார் வேம்புவின் தோளைப் பிடித்து மதிலோரம் இழுத்துப்போனார். அவருக்கு எல்லாம் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியாத மாதிரி இருந்தவர்.

"சிநேகிதன்னு சொல்லு. ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக்க. வேஷத்தக் கட்டு."

"சிநேகிதன் இல்லீங்களே, வாத்தியாரே."

"சொல்லிட்டீன்னா அப்பறம் எந்த ஊருலடா உனுக்கு வேஷம் குடுப்பான்? வேஷம் இல்லன்னா இந்த முடிக்கு என்னா பதில் சொல்லுவ? பட்டறயில நிக்க உடுவானா?" அவர் குரல் இறங்கியது. "அந்தப் பொம்பளயயாவது நெனச்சுப் பாரு. இன்னைக்குத்தான் தாலி அறுக்கப் போறா."

வேம்பு நினைத்துப் பார்த்தான். வாத்தியார் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சாயங்காலம் துகிலுரிதல். ஊரே கூடி நிற்கும், பெண்கள் அழுவார்கள், பாஞ்சாலியின் காலில் விழுவார்கள். அவனும் அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் தங்கதுரைக்காக அழும் அழுகையைப் பாஞ்சாலி பேரில் எழுதிவைக்க அவனால் முடியவில்லை.

அம்மன் முன்னால் போய்க் கையை நீட்டினான். பூசாரி சூடம் ஏற்றினார்.

"பேரு தங்கதுரை," என்றான். "எங்க வூட்டுக்காரரு. பதினாறு நாளு."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி விருத்தகிரியைப் பார்த்தார். விருத்தகிரி சூடம் அணையட்டும் என்று கையைக் காட்டினார். பிறகு, "அறுத்து உடுய்யா," என்றார். "இனிமே இந்த ஊரு எல்லைய மிதிக்காத. மிதிச்சா நானே காலை ஒடிப்பேன்." கத்தி பட்டதில் தோலும் கொஞ்சம் கிழிந்தது. வாத்தியார் மதில் பக்கமே திரும்பி நின்றார். வேம்பு தெருவைக் கடக்கும்வரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கடைசி வீட்டைத் தாண்டும்போது முதுகில் கல் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸை விட்டு அவன் இறங்கியபோது கம்மாபுரத்தில் பறை கேட்டது. பாடை தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தது. அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. அங்கேயே நின்று, பார்க்கும்வரை பார்த்துவிட்டு, குளிக்கத் திரும்பிவிட வேண்டும். சிந்தாமணியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

பாடையின் முன்பக்க மூங்கிலைத் தூக்கியிருந்த தங்கதுரையின் அண்ணன் வேம்புவைக் கண்டதும் முகம் நெகிழ்ந்தான். கோயிலில் நடந்த சேதி இன்னும் இங்கே வரவில்லை. "வாங்க வேம்பு. வருவீங்கன்னு தெரியும். ஒரு தோள் குடுங்க, சுடுகாடு வரைக்கும்."

தோள் கொடுத்தால் தொடலாம். கடைசியாக ஒருமுறை முகத்துணியை விலக்குவார்கள், பார்க்கலாம். கொள்ளி பிடித்து எரிவது வரை கூடவே நிற்கலாம். ஆம்பளையாக நடந்தால்.

வேம்புவின் கை மூங்கிலை நோக்கி எழுந்தது. பிறகு இறங்கியது. அவன் பெண்கள் நின்ற பக்கமாக இரண்டு அடி பின்வாங்கி நின்றான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான், புரியவில்லை. பறைக்காரர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். வேறொருவன் வந்து மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டான். பாடை பனைமரங்களுக்கு அப்பால் திரும்பியது. சிந்தாமணியின் அழுகை நின்றிருந்தது. அவள் பாடை போன திசையைப் பார்க்கவில்லை, வேம்புவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவே தெருவில் சிதறிக் கிடந்த பொரியை ஒரு கோழி குஞ்சுகளோடு வந்து கொத்த ஆரம்பித்தது.