பாலத்துக்கு ஒரு ஓட்டு

செனட்டர் லெமுவெல் ஸ்ட்ரௌட் எழுந்து நின்றாலே சபையில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வாஷிங்டனுக்கு வந்தவர் அவர். அன்றிலிருந்து மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது. நெப்ராஸ்காவில் அவருடைய ஊருக்கு எதிரே மிஸௌரி ஆற்றின் மேல் ஒரு பாலம் வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்காக என்று மேடையில் சொல்வார். உண்மையில் அது டாமரிஸுக்காக. ஒரே மகன் படகிலிருந்து தவறி ஆற்றில் விழுந்து இறந்துபோன நாள் முதல் அவர் மனைவி ஆற்றைக் கடந்ததில்லை. வாஷிங்டன் ரயிலோ எதிர்க்கரையில் நிற்கிறது.

"பாலத்தைக் கட்டி உன்னை ரயில்ல கூட்டிக்கிட்டுப் போறேன், டாமரிஸ். இது வாக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வாஷிங்டனுக்கு முதல் தடவை படகேறினார்.

கோடையில் சபை கலைந்ததும் மற்றவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். இவர் பாலத்துக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அலைவார். எப்போதாவதுதான் வீடு, அதுவும் வந்த காலோடு திரும்பிவிடுவார். தங்கும் விடுதியில் மக்காச்சோள ரொட்டி வைத்தால் அவருக்குத் தொண்டைக்குள் இறங்காது. அவள் கை ரொட்டிக்கும் அவளுக்கும் அப்படி ஏங்கிக் கிடந்தார்.

ஒருவழியாக மசோதா ஓட்டுக்கு வரும் என்று முடிவாயிற்று. அந்த வாரம் லூசியானா செனட்டர் லாங்டன் அவர் மேசைக்கு வந்தார். நீராவிக் கப்பல்காரர்களின் ஆள். பாலம் வந்தால் கப்பல் ஓட இடைஞ்சல் என்பதால், பாலம் என்றாலே எரிந்து விழுவார். அன்று முகம் வெளிறியிருந்தது.

"ஸ்ட்ரௌட், பிரசவத்துக்கு வந்த என் பொண்ணுக்கு ரொம்ப முடியலைன்னு தந்தி. நான் போகணும். எனக்கு ஜோடியா இருப்பீரா?"

ஜோடி என்பது அந்தச் சபையின் வழக்கம். எதிரும் புதிருமான இருவர் பேசிவைத்துக்கொள்வார்கள். ஒருவர் இல்லாதபோது மற்றவர் ஓட்டுப் போடமாட்டார். வாய்வார்த்தைதான், வேறு கட்டுப்பாடு இல்லை.

"போய்ட்டு வாரும். பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காம திரும்பாதீர்" என்றார் ஸ்ட்ரௌட். தம் பக்கம் போதுமான ஆள் இருக்கிற தைரியம் அவருக்கு.

ஓட்டெடுப்பில் அந்த ஆட்களில் ஒருவர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். பக்கத்து மேசை ஹிக்பி இவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"சரிசமமா நிக்குதுய்யா! துணை ஜனாதிபதியும் இல்ல, சமமானா மசோதா செத்துது. 'ஆம்'னு ஒரு வார்த்தை சொல்லும், பாலம் வந்தாச்சு!"

"லாங்டனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அந்த ஆளு இங்க இருந்தா உம்ம பாலத்தைக் கவுத்திருப்பான்!"

"அதனாலதானே நான் பேசாம இருக்கணும், ஹிக்பி."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். ரயில் ஜன்னலோரம் டாமரிஸ் உட்கார்ந்திருப்பதாக எத்தனை இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறார்! "லாங்டனோடு ஜோடி சேர்ந்திருக்கிறேன். ஓட்டுப் போடவில்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். பாலம் தோற்றது.

பனி உருகியதும் ஊருக்குப் போனார். படகு கரை தட்டியபோது டாமரிஸ் மேட்டில் மரத்தடியில் நின்றிருந்தாள். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. ஏறிப் போய், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அந்தப் பொண்ணு பிழைச்சாளா?"

"பிழைச்சுட்டா. ஆண் குழந்தை."

"அப்ப நீங்க செஞ்சது சரிதான்."

"ஆனா பாலம் போச்சே, டாமரிஸ். இனி உன்னை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போவேன்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எப்பங்க பாலம் கேட்டேன்? ஒவ்வொரு கோடையிலயும் படகு மணி அடிக்கிறப்பெல்லாம் ரொட்டிக்கு ஒரு பிடி மாவு கூடப் போட்டேன். ஆத்தைக் கண்டா பயம் எனக்குத்தான். உங்களுக்கு என்ன? படகு தினமும் ஓடிக்கிட்டுத்தானே இருந்தது."

சபையே சலிக்கும்படி பேசியவர் கையிலிருந்த பெட்டியை மரத்தடியில் இறக்கி வைத்தார். கீழே படகுக்காரன் மறுகரைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.