இருநூறு நிமிடம்

ஒரு கூடைப்பந்து ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, ஆக நாற்பது நிமிடம். களத்தில் ஐந்து பேர். பயிற்சியாளர் கையில் இருப்பது மொத்தம் இருநூறு நிமிடம். அதைப் பன்னிரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கல்லூரியின் பயிற்சியாளரம்மாவைக் கேட்டால், பன்னிரண்டு நாத்தனார்களுக்கு ஒரே புடவையைப் பங்கு போடுவது இதைவிடச் சுலபம் என்பார்.

இந்தப் பங்கீட்டுக்கென்றே அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பக்கத்துக்கு ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே ஒரு பெயர், கீழே அவளுக்கு மாற்று. மேலே இருப்பவள் இறங்கினால் கீழே இருப்பவள் ஏறுவாள். யார் எத்தனை நிமிடம் ஆடினாள் என்று ஆட்டம் நடக்கும்போதே பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். பதினோரு வருடமாக அந்தக் கட்டங்களை அவர் மாற்றியதில்லை. உலகமே ஐந்து கட்டத்தில் அடங்கும் என்பதுபோல ஒரு நம்பிக்கை.

முதல் கட்டத்தில் மேலே ஒட்டகம், கீழே துண்டு. இரண்டும் தோழிகள் வைத்த பெயர்கள். ஒட்டகம் மூன்றாம் ஆண்டு மாணவி. பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தையே நடத்துகிறவள். முப்பத்தெட்டு நிமிடம் ஓடினாலும் தண்ணீர் கேட்க மாட்டாள். துண்டு இறுதி ஆண்டு. ஒட்டகம் இறங்கினால்தான் இவள் ஏற முடியும். ஒட்டகமோ இறங்குகிற ஜாதியில்லை. அதனால் மூன்று வருடமாக, வியர்த்து வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதே இவள் ஆட்டமாகிப் போனது. அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு முதலில் சிரித்தவளும் அவள்தான். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை.

பயிற்சியாளரம்மாவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. களைத்துப்போனவள் கையை மடக்கி முஷ்டியை உயர்த்த வேண்டும். அப்படித் தானே கேட்டு வெளியே வந்தால், மூச்சு சரியானதும் தானே கேட்டு உள்ளே போகலாம். களைப்பை மறைத்து ஆடி அவரிடம் பிடிபட்டால், அவர் சொல்லும்வரை பெஞ்ச்தான். இதனால் அந்த அணியில் யாரும் களைப்பைப் பற்றிப் பொய் சொல்வதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த வருடம் சோதனை வந்தது. சொந்த மைதானத்தில் நடந்த கடைசி நான்கு ஆட்டத்திலும், இரண்டாம் பகுதி பாதியில் ஒட்டகம் முஷ்டியை உயர்த்தினாள். மூன்று நான்கு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போனாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று முதல் தடவை விட்டுவிட்டார். இரண்டாம் தடவை குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை கையோடு ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, வேண்டுமானால் அம்மா நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர் வருகிறார். ஒட்டகம் பாதியில் களைக்கிறாளாமே, களத்தில் நிற்க முடியாதவளை நான் எப்படி எடுப்பது என்று அவர் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டார். இந்த அணியிலிருந்து ஒருத்தி அவ்வளவு தூரம் போக இதுதான் வழி, அதுவும் இன்று ஒரு நாள்தான். பயிற்சியாளரம்மா காலையில் அணி முழுவதையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பிறகு ஒட்டகத்தைத் தனியே அழைத்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கையைத் தூக்காதடி. உனக்காகத்தான் சொல்றேன்.”

அவள் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சரி மேடம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் அது. அவருக்குத்தான் அப்போது புரியவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தேர்வாளர் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பகுதி முழுக்க ஒட்டகம் பறந்தாள். பயிற்சியாளரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே கவனித்தார். மூச்சு வாங்கவில்லை, கால் தளரவில்லை. அப்பாடா என்று பென்சிலைக் காதில் செருகினார்.

இரண்டாம் பகுதியில் ஆறு நிமிடம் மிச்சமிருந்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்து, உட்காராமல் சுவரோரம் நின்றார். அவரை முன்பும் பார்த்திருக்கிறார் பயிற்சியாளரம்மா. எதிரணி வந்த வண்டியின் டிரைவர் என்றே நினைத்திருந்தார். எதிரணிகள் மாறிக்கொண்டே இருக்க, டிரைவர் மட்டும் எப்படி மாறவில்லை என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. கட்டத்துக்குள் இல்லாதது எதுவும் கண்ணில் படாது என்றால் இதுதான்.

ஒட்டகமும் கதவைப் பார்த்தாள். அடுத்த நொடி முஷ்டி உயர்ந்தது.

தேர்வாளர் கோப்பில் ஏதோ எழுதினார். உயர்ந்த கையைப் பார்க்காததுபோல் இருந்துவிடலாமா என்றுகூடப் பயிற்சியாளரம்மா நினைத்தார். ஆனால் பதினோரு வருடமாகக் காத்த விதியைத் தானே மீறினால் நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பது? விசில் அடித்தது. துண்டு உள்ளே ஓடினாள். ஒட்டகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் நெற்றியில் பேருக்குத்தான் வியர்வை.

யார் அவர் என்று மட்டும் கேட்டார் பயிற்சியாளரம்மா.

“துண்டோட அப்பா மேடம். காலேஜ் பின்னாடிதான் பஸ் திரும்பும். அவருக்குப் பதினஞ்சு நிமிஷந்தான் பிரேக். அவர் வர்றப்போ அவ பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கக் கூடாதில்ல?”

“தேர்வாளர் பார்த்துட்டிருக்காருடி.”

“எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. அவளுக்கு இதான் கடைசி மேட்ச்.”

பயிற்சியாளரம்மாவுக்குக் கோபம் வந்தது. ஒட்டகத்தின்மேல் இல்லை. நான்கு வருடமாகத் துண்டின் பெயருக்கு நேரே சின்னச் சின்ன எண்களாக எழுதிய அதே பென்சிலை ஒடித்துப் போடலாம்போல் இருந்தது. களத்தில் துண்டு நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு நடுவே பந்தை நுழைத்துக் கொடுத்தாள், கூடை விழுந்தது. சுவரோரம் நின்றவர் கைதட்டவில்லை. தொப்பியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிடம் போயிருக்கும். துண்டு தேர்வாளரைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்த தோழியைப் பார்த்தாள், பிறகு தன் முஷ்டியை உயர்த்தினாள்.

நான்கு வருடம் இந்த நிமிடங்களுக்காகக் காத்திருந்தவள் ஒன்றரை நிமிடத்தில் களைத்துவிட்டாளாம். நான் போக மாட்டேன் என்று ஒட்டகம் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பந்து வெளியே போய் விசில் அடித்தது. துண்டு கோட்டருகே ஓடி வந்தாள்.

“அவளை அனுப்புங்க மேடம். அவளுக்கு ஒண்ணும் களைப்பில்ல. காலையில நாலு மாடி என் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி ஏறினா, மூச்சே வாங்கல.”

ஒருத்தி ஏற மாட்டேன் என்கிறாள், ஒருத்தி இறங்குகிறேன் என்கிறாள். பயிற்சியாளரம்மா பழக்கதோஷத்தில் நோட்டைப் பார்த்தார். முதல் கட்டம்: மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்டது யார்? எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது அது? களத்தில் ஐந்து பேர் இருக்க வேண்டும் என்றுதான் விதி. இந்த இருவரில் ஒருத்திதான் இருக்க வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை. தான் போட்ட கோட்டை இத்தனை வருடமாகச் சட்டம் என்று நினைத்திருந்தது உறைத்தபோது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் கட்டத்துக்காரி உண்மையாகவே இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளை வரச் சொல்லிக் கையசைத்தார்.

“நீ எங்கடி வர்றே? பொய் முஷ்டிக்கெல்லாம் பெஞ்ச் கிடையாது. அங்கேயே நில்லு,” என்றார் துண்டிடம். ஒட்டகத்தின் முதுகில் ஒன்று வைத்தார். “எழுந்திரு. அவ பக்கத்துல போய் நில்லு.”

இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து ஆடினார்கள். ஒரே அறையில் மூன்று வருடம் பேசித் தீர்த்தவர்களுக்குக் களத்தில் பேசவே தேவையிருக்கவில்லை. இவள் திரும்பும் முன்பே அவள் பந்தைப் போட்டாள். நான்கு நிமிடத்தில் எதிரணி திணறிப்போனது. ஒட்டகம் அதன்பிறகு கடைசி விசில்வரை இறங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரம்மா தேர்வாளரிடம் அந்த முஷ்டியின் கதையைச் சொன்னார். இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லையே அம்மா என்று அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் மறுவாரம் வந்த பட்டியலில் ஒட்டகத்தின் பெயர் இருந்தது.

அதற்கெல்லாம் முன்பு, இரண்டாம் பகுதி முடிந்து இடைவேளை விசில் அடித்தவுடன், பயிற்சியாளரம்மா பக்கத்துக் கதவுக்கு ஓடினார். ஓட்டுநர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஒட்டகம் ஒரு துண்டை எடுத்துத் தோழியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்தார்கள்.

“நான் உள்ள வந்ததும் அந்தப் பொண்ணு கையைத் தூக்கும் மேடம்,” என்றார் அவர். “ரெண்டாவது தடவையே புரிஞ்சிடுச்சு. தினமும் பஸ் கண்ணாடி வழியா பார்க்கறவன் நான். இறங்கறதுக்கு எழுந்திரிக்கறது யாரு, இடம் விட எழுந்திரிக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா?”

பயிற்சியாளரம்மா கையிலிருந்த நோட்டை மூடினார். “தப்பு என்மேலதான் சார். ஒருத்தி இறங்கினாத்தான் இன்னொருத்தி ஏற முடியும்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க மேடம். நானும் நாள் பூரா கத்திட்டுத்தான் இருக்கேன். கொஞ்சம் உள்ள நகருங்க, இடம் இருக்குன்னு.”